நாச்சம்மாள் சிரித்து முடிக்கிற வரைக்கும்

நாச்சம்மாள் தன் கல்யாண மேடையிலேயே சிரித்துவிட்டவள். கல்யாணம் நடத்திவைக்கிற அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கிறார், சொந்தம் ஒறம்பரைச் சனமெல்லாம் சுற்றி நிற்கிறது, மாப்பிள்ளை செங்கோட்டையன் தாலியைக் கையில் வாங்குகிறார். அந்த நேரம் பார்த்து அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோர்ட்டில் சாட்சி சொல்ல ஏறின ஆள் மாதிரி அத்தனை விறைப்பாக இருந்தது. அவ்வளவுதான், அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. குனிந்துகொண்டாள். குனிந்தால் இன்னும் கூடியது. "புள்ள அழுகுது, பாவம்" என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சொன்னதில் அன்றைக்குத் தப்பித்தாள்.

அதற்கப்புறம் தப்பிக்கவில்லை. கேரள எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கொல்லங்கோட்டு ரோட்டில் இருக்கிற செங்கோட்டையன் தோட்டத்துக்கு வாழ வந்த சில நாட்களிலேயே ஊருக்குத் தெரிந்துபோனது, இந்த அம்மணிக்குச் சிரிப்பு என்பது தும்மல் மாதிரி, வந்தால் வந்ததுதான் என்று. பூசாரி சாமி வந்து ஆடும்போது வேட்டி வரப்பு முள்ளில் மாட்டிக்கொண்டால் ஊரே கும்பிட்டுக்கொண்டு நிற்கும், இவள் மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். நிலம் அளக்க வந்த வில்லேஜ் ஆபீசர் வாய்க்காலில் சறுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "இவிடம் வரே" என்று, இதுவரைக்கும்தான் எல்லை என்கிற மாதிரி சங்கிலியை நீட்டியபோது, கொண்டுபோன மோரைக் கீழே வைத்துவிட்டு ஓடியே போனாள். அவள் சிரிப்பில் முதலில் சத்தமே இருக்காது. வயிறு குலுங்கும், பிறகு தோள், பிறகு கண்ணில் தண்ணீர். கடைசியில்தான் தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒன்று வரும். அதைக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டாதது செங்கோட்டையனுக்கு மட்டும்தான். அவருக்குப் பல் இருக்கிறது என்பதே கரும்பு கடிக்கும்போதுதான் தெரியும். "ஏம்புள்ள, நாலு பேரு மத்தியில இப்படியா" என்பார். "நான் என்ன பண்ணட்டுங்க, அது பாட்டுக்கு வருதுங்க" என்பாள். இத்தனை வருசத்தில் அவர்களுக்குள் இருந்த பெரிய சண்டையே இதுதான்.

எழுபத்தெட்டாம் வருசம் ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆட்டுக்கல்லைக் கொட்டகைக்கு மாற்ற வேண்டியிருந்தது. நாச்சம்மாளும் அவள் நங்கை என்று கூப்பிடுகிற நாத்தனார் முத்தாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். முத்தாத்தாள் செங்கோட்டையனுக்கு மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி. கல் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை.

"நாச்சா, பாத்தயா," என்றாள் முத்தாத்தாள் மூச்சு வாங்க. "எந்தம்பியக் காலையில எழுப்பற மாதிரியே இருக்குது."

நாச்சம்மாள் குனிந்தபடியே, கல்லைப் பிடித்தபடியே சிரித்தாள். இடுப்பில் சடக்கென்று ஏதோ ஒன்று நகர்ந்தது. அடுத்த நிமிசம் பின்தொடையிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் காய்ச்சின கம்பியை விட்ட மாதிரி ஒரு வலி.

படுத்தால் கொஞ்சம் தேவலை, உட்கார்ந்தால் வலி, இருமினால் மின்னல். எல்லாவற்றையும் விடக் கொடுமை, சிரித்தால் உயிர் போனது. வயிறு ஒரு குலுங்கு குலுங்கியதும் காலில் கம்பி இறங்கிவிடும். வைத்தியர் எண்ணெய் போட்டு நீவினார், பத்துப் போட்டார். செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் தலைவலிக்கு விற்கிற மாத்திரையை வாங்கி வாங்கி நிலக்கடலை மாதிரி தின்றாள். ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

வீட்டில் யாரும் அவள் எதிரில் வாயைத் திறக்கப் பயந்தார்கள். முத்தாத்தாள் தன்னால்தானே என்று உருகிப்போய், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து துக்கமான சங்கதியாகப் பார்த்துச் சொன்னாள். அவள் துக்கம் சொல்கிற விதமே தனி. செத்துப்போன எருமையின் குணநலன்களை அவள் எடுத்துச் சொன்ன அன்றைக்கு, நாச்சம்மாள் தலையணையைக் கடித்துக்கொண்டு, "நங்கை, உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும், ஊட்டுக்குப் போங்க" என்று கெஞ்சினாள்.

மார்கழி வந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவின செங்கோட்டையன் அப்படியே நின்றார்.

"பாலக்காட்டுல ஒரு டாக்டர் வந்திருக்காராமா. முதுகுக்குன்னே படிச்சவராமா. போலாம்."

"அறுத்துப்போட்டுருவாங்கொ. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவர் துண்டில் கையை வெகு நேரம் துடைத்தார். "ஊடு ஊடு மாதிரி இல்ல புள்ள," என்றார்.  நாச்சம்மாளுக்கு அது போதும்.

டாக்டர் சைனுதீன் புதுநகரத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வயசு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மெட்ராஸில் படித்து, வெளிநாட்டில் கொஞ்ச காலம் வேலை கற்றுக்கொண்டு திரும்பி, டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். முதுகில் மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அமுக்குது. அந்தத் துண்டை எடுத்துட்டா வலி போயிரும். முன்னெல்லாம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிப்பாங்க. ரத்தம் நிறையப் போகும். நான் ரெண்டு விரல் அகலத்துக்குத்தான் கிழிப்பேன்."

"அப்ப ரத்தமே வராதுங்களா?"

"கம்மியா வரும். ஆனா அதுல வேற தொல்லை இருக்கு." அவர் ஒரு வெறும் டீ கிளாஸை எடுத்து உள்ளே காட்டினார். "பெரிய அண்டாவுல ரெண்டு ஸ்பூன் ரத்தம் விழுந்தாத் தெரியாது. இந்த கிளாஸ்ல விழுந்தா அடி தெரியாது. அடியில நரம்பு இருக்கு. நரம்பு தெரியாம நான் கத்தியை உள்ளே விட முடியாது. நிக்காம வந்துச்சுன்னா, காயத்தைப் பெரிசாக் கிழிச்சு, ரத்தம் ஏத்தித்தான் தீரணும்."

பிறகு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை என்றாள் நாச்சம்மாள். கடை மாத்திரையை அவள் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. செங்கோட்டையன்தான் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது ரத்தத்தை உறைய விடாதும்மா. இதைத் தின்னுட்டு நீங்க காய் நறுக்குனாலே ரத்தம் நிக்காது. நிறுத்துங்க. இங்கயே படுத்திருங்க, ரத்தம் சரியான பிறகுதான் கத்தியைத் தொடுவேன்."

நாச்சம்மாள் சின்ன வயசிலிருந்தே மூச்சிழுப்புக்காரி என்பதால் முழு மயக்கம் கொடுக்க முடியாது என்றும், இடுப்பை மட்டும் மரக்கவைத்துச் செய்வதாகவும் சொன்னார். முழித்துக்கொண்டுதான் இருப்பாள். மண்டியிட்ட மாதிரி குப்புறக் கவிந்து, வயிறு எதிலும் படாமல் தொங்க வேண்டும். வயிறு அமுங்கினால் நரம்பைச் சுற்றியிருக்கிற ரத்தக்குழாயெல்லாம் புடைத்துக்கொள்ளும், சொட்டுகிற இடம் ஊற்றெடுக்கும்.

"இருமக் கூடாது, முக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. எல்லாம் ஒண்ணுதான்."

செங்கோட்டையனும் நாச்சம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டாக்டரே, அதுல மூணாவதுதான் கொஞ்சம் சிரமமுங்க" என்றார் அவர்.

வார்டில் அவளுக்கு வாய்த்த நர்ஸ் சுருளியம்மாள், கம்பம்மெட்டுக்காரி. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். எதைச் சொன்னாலும் ஏலக்காய் மூட்டையை இறக்குகிற மாதிரி பட்டென்று சொல்வாள். குப்புறக் கவிகிற பழக்கம் வரட்டும் என்று தினமும் கட்டிலில் நாச்சம்மாளை மண்டியிட வைத்தாள். நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை, நடுவே வயிறு தொட்டிலாகத் தொங்கும்.

"எக்கா, பின்பக்கத்தைத் தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அந்தானைக்கு நில்லுங்க."

"ஏனுங்க சிஸ்டரு, எங்க ஊட்டு எருமை கூட இப்படி நின்னதில்லீங்க."

"எருமை சிரிக்காதுல்ல. அதான் அதுக்கு ஆபரேசன் இல்ல."

அந்த வார்டில் சிரிக்காத நோயாளியே கிடையாது. நாச்சம்மாள் மட்டும் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "வலிக்குதுங்க, வலிக்குதுங்க, பேசாதீங்க" என்று முனகிக்கொண்டிருப்பாள்.

முன்னெச்சரிக்கைக்கு ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்றார்கள். அவள் தம்பி குப்பண்ணன் பொள்ளாச்சியிலிருந்து புல்லட்டில் வந்து இறங்கினான். ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி ஆள். "எங்கக்காளுக்கு ஒரு பாட்டல் என்ன, ஒரு குடமே எடுத்துக்கங்க" என்று சட்டையைச் சுருட்டினான். ரத்தம் எந்த ஜாதி, எந்த குரூப் என்று பார்க்க விரல் நுனியில் குத்தினார்கள். பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. குப்பண்ணன் அதைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அப்படியே வேரோடு சாய்ந்தான். அவனைத் தூக்கி பெஞ்சில் போட மூன்று பேர் தேவைப்பட்டது.

அப்புறம் செங்கோட்டையன் போனார். அவர் ரத்தமும் நாச்சம்மாள் ரத்தமும் ஒரே ஜாதியாக இருந்தது. கட்டிலில் படுத்து, கையை நீட்டி, அதே கல்யாண முகத்தோடு கேட்டார்:

"எந்தக் கையில எடுத்தா பொம்பளைக்கு நல்லதுங்க?"

இந்தக் கேள்வியை யாரும் நாச்சம்மாளிடம் சொல்லிவிடக் கூடாது என்று சுருளியம்மாள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். ஆனால் ஆபரேஷன் அன்று காலையில் பெருக்கிச் சுத்தம் செய்கிற அம்மா வாளியை வைத்துவிட்டுப் போகிற போக்கில் சொல்லிவிட்டாள்.

மேசை மேல் நாச்சம்மாளைக் கவிழ்த்தார்கள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைப்பக்கம் ஒரு முக்காலியில் சுருளியம்மாள் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சைனுதீன் உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி, அதிலிருந்து இரண்டு குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, நெற்றியில் விளக்கு. ஓரக்கண்ணால் பார்த்த நாச்சம்மாளுக்கு நண்டு ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

துக்கமாக நினைக்க வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தாள். அப்பன் செத்ததை நினைத்தாள். அப்பன் சவத்துக்கு முன்னால் சங்கு ஊத வந்தவனுக்கு விக்கல் எடுத்தது ஞாபகம் வந்தது. அதை விட்டுவிட்டு வெள்ளாமை கருகின வருசத்தை நினைத்தாள். மழைக்கு வேண்டி ஊர் கூடித் தவளைக்குக் கல்யாணம் செய்தார்கள். மாப்பிள்ளைத் தவளை ஓடிப்போன ஞாபகமும் கூடவே வந்து நின்றது. எதைத் தொட்டாலும் சிரிப்பாகவே இருந்தது அவள் வாழ்க்கை.

"நல்லாப் போயிட்டிருக்கு," என்றார் டாக்டர். "மரத்திருந்தாலும் நரம்பைத் தொட்டாத் தெரியும், கால்ல சுருக்குனா சொல்லுங்கம்மா. பேசலாம், சிரிக்கத்தான் கூடாது."

கவனத்தைத் திருப்பலாம் என்று சுருளியம்மாள், இருக்கிறதிலேயே சிரிப்பு வராத விஷயம் எது என்று யோசித்துப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "எக்கா, உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்களேன்."

நாச்சம்மாளுக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. எந்தக் கையில் எடுத்தால் பொம்பளைக்கு நல்லது. பல்லைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். வயிறு கல்லாக இறுகியது. உள்ளே சிரிப்பு முட்டி மோதியது.

"ஏன், என்ன ஆச்சு," என்ற டாக்டரின் குரல் மாறியிருந்தது. "ரத்தம் நிறையுது. உறிஞ்சுங்க. இன்னும் உறிஞ்சுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

குழாயில் ரத்தம் சர்ரென்று போகிற சத்தம் கேட்டது. துடைக்கத் துடைக்க ஊறியது. நாச்சம்மாள் இன்னும் இறுக்கி அடக்கினாள். அடக்க அடக்க இன்னும் ஊறியது. சுருளியம்மாளின் பிடி இறுகுவதை அவள் உணர்ந்தாள்.

"பாட்டிலைக் கொண்டாந்து வைங்க. திறக்க வேண்டாம், பக்கத்துல இருக்கட்டும். இது நிக்கலைன்னா பெரிசாக் கிழிக்கணும்."

அப்போது நாச்சம்மாளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. பயம் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை, அதுதான் அதிசயம். "டாக்டரே," என்றாள், பல்லிடுக்கில், "என்னால முடியலீங்க. அடக்கி அடக்கிப் பாக்கறனுங்க."

"அடக்குறீங்களா?" டாக்டர் கை நின்றது. "மூச்சைப் பிடிச்சா அடக்குறீங்க?"

"ஆமாங்க."

 அவர் பஞ்சை நனைத்துக் காயத்துக்குள் வைத்து அழுத்தினார். கத்தி, கொறடு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். "அடக்குறதுதான் வயித்தை இறுக்குது. தப்பு என்னோடது. சிரிக்காதீங்கன்னு சொல்லியிருக்கவே கூடாது. இப்ப உள்ள ஒண்ணும் இல்ல, பஞ்சு வச்சுப் பிடிச்சிருக்கேன். நீங்க வாயைத் திறந்து சிரிச்சு முடிங்கம்மா. நாங்க நிக்கிறோம்."

நாச்சம்மாள் வாயைத் திறந்தாள். விசில் வந்தது. எத்தனையோ மாதத்துச் சிரிப்பு. வலியில்லாத சிரிப்பு, இடுப்பு மரத்திருந்ததால் கம்பி இறங்கவே இல்லை. சுருளியம்மாள் முகமூடிக்குள் குனிந்துகொண்டாள். மயக்க டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பினார். உதவிக்கு நின்றவர் பஞ்சு எடுத்துத் தருகிற சாக்கில் கீழே உட்கார்ந்துவிட்டார். பஞ்சைப் பிடித்த விரலை மட்டும் அசைக்காமல் நின்ற சைனுதீனுக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. "என் கண்ணாடியை யாராவது துடைங்கப்பா" என்றார். துடைக்க வந்த நர்சும் சிரித்துக்கொண்டேதான் துடைத்தாள்.

சிரித்து முடிக்கலாம் என்று அனுமதி கிடைத்த பிறகு சிரிப்புக்குச் சுவாரசியம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக ஓய்ந்தது. அவள் வாயைத் திறந்தபடியே நீளமாக மூச்சு விட்டாள். வயிறு தளர்ந்து தொங்கியது. டாக்டர் பஞ்சை மெதுவாக எடுத்தார்.

"காஞ்சிருக்கு," என்றார். "கிணத்துல தண்ணி வத்தின மாதிரி. நரம்பு பளிச்சுன்னு தெரியுது. வாயைத் திறந்தே மூச்சு விடுங்கம்மா."

அதற்கப்புறம் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். ஒரு தடவை கட்டைவிரலில் சுருக்கென்றது, சொன்னாள். சற்றுப் பொறுத்து அவள் முகத்துக்கு நேராக ஒரு வெள்ளைத் துணியை நீட்டிக் காட்டினார்கள். அதில் நறுக்கின நண்டுச் சதை மாதிரி ஒரு துண்டு இருந்தது.

"இவ்வளவு சிறிசுங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

வெளியே செங்கோட்டையன் அரை உயிராக நின்றிருந்தார். தன் ரத்தப் பாட்டில் தட்டில் ஏறித் தன் எதிரிலேயே உள்ளே போனதைப் பார்த்தவர். கதவுக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார் என்று அன்றைக்குக் கூட இருந்த முத்தாத்தாள் சொல்வாள். அழுதாரா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

திறக்காத பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கே அதற்கு வேலை வந்துவிட்டது. கொல்லங்கோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த மொய்தீனின் மனைவி ஐசும்மாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, உதிரம் நிற்காமல் போனது. அவளுக்கும் அதே ஜாதி ரத்தம். செங்கோட்டையனிடம் வந்து கேட்டார்கள். "எனக்குத் திருப்பியா ஏத்தப் போறீங்க, குடுங்க" என்றார். ஐசும்மா பிழைத்துக்கொண்டாள்.

நாச்சம்மாள் மறுநாளே எழுந்து நின்றாள். காலில் கம்பி இல்லை. தையல் பிரித்து ஊருக்கு வந்தாள். குனியாமல் கொள்ளாமல் சில காலம் இருந்தாள். ஆட்டுக்கல் கொட்டகைக்குப் போகாமல் பழைய இடத்திலேயே இருந்தது. இனி அதன் இடம் அதுதான் என்று முத்தாத்தாள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

வைகாசியில் நாச்சம்மாளும் செங்கோட்டையனும் கொல்லங்கோட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனார்கள். மொய்தீன் கடையைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று வீட்டுக்குள் கூட்டிப் போனார். ஐசும்மா குழந்தையைத் தூக்கி வந்து நாச்சம்மாள் மடியில் வைத்தாள். ஜொஹரா என்று பேர் வைத்திருந்தார்கள். நாச்சம்மாள் நாக்கைச் சுழற்றினாள், கண்ணைச் சிமிட்டினாள், கிளி மாதிரி கத்தினாள். குழந்தை நெற்றியைச் சுருக்கி, உதட்டை இறுக்கி, அவளையே உற்றுப் பார்த்தது.

"பொறந்ததிலேருந்தே இப்படித்தான்க்கா," என்றாள் ஐசும்மா கவலையாக. "அழவும் மாட்டா, சிரிக்கவும் மாட்டா. எல்லாரையும் வெசாரிக்கிற மாதிரி பாக்குறா."

நாச்சம்மாள் குழந்தையைப் பார்த்தாள். திரும்பிச் செங்கோட்டையனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாட்டல்ல போயிருச்சு போல," என்றார் அவர்.

அவர் வாழ்நாளில் வேடிக்கையாகச் சொன்ன முதல் பேச்சு அது. சொன்னவருக்கே அது வேடிக்கை என்று தெரிந்திருந்ததா என்பதைக் கூட நாச்சம்மாளால் பார்க்க முடியவில்லை. குழந்தையை ஐசும்மா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து, மூச்சைப் பிடிக்காமல், டாக்டர் சொன்னபடிக்கே சிரித்தாள். மொய்தீன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.